நிரம்பிய தொட்டி

ஆலிவ் அறுவடை முடிந்து பாத்ராஸ் நகரத்து வீட்டுக்குத் திரும்பிய ஸ்டெலியோஸ், மீன்தொட்டியைப் பார்த்து அலறினான். அவன் வளர்த்த கடல்மீன்கள் எல்லாம் செத்து மிதந்தன.

“ஆர்.ஓ. மெஷின் நின்னுபோச்சா?”

“அது பாட்டுக்கு நல்லாத்தான் ஓடுச்சு,” என்றாள் மனைவி எவாந்தியா. “தண்ணி கொஞ்சம் குறைஞ்சாலும் அதுவே ரொப்பிடுச்சு. தொட்டியில போட்ட அளவுக் கோட்டைப் பாரேன்.”

தண்ணீர் கோடு வரை நின்றது. விரலை நனைத்து நாக்கில் வைத்தான். உப்புக் கரிக்கவில்லை.

“ஆவியாப் போறது வெறும் தண்ணிதானே! உப்பு எங்கடி போச்சு?”

“சிங்க்குல. தினமும் வாளியில மொண்டு கொட்டினேன். மெஷின் பாவம், சளைக்காம உப்பில்லாத நல்ல தண்ணியா ஊத்திச்சு.”

“உனக்கென்ன பைத்தியமா?”

“நான் ஆஸ்பத்திரியில கிடந்தப்ப என் கேனரிக் குருவி பட்டினியில செத்துச்சே, ஞாபகமிருக்கா? ‘கிண்ணம் நிறைய தினை இருந்துச்சு, நான் என்ன பண்ண?’ன்னு சிரிச்ச. கிண்ணத்துல இருந்தது பூரா அது தின்னுட்டுத் துப்பின உமி.”

அவள் காப்பியை நிதானமாக உறிஞ்சினாள்.

“உன் தொட்டியும் நிறையத்தானே இருக்கு, ஸ்டெலியோஸ்?”