மண்ணுக்குள் பார்க்கும் ஜீப்

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். முழங்கால் ஆழச் சேற்றிலும் இந்த ஜீப் திணறவில்லை. சக்கரத்துக்குக் கீழே பத்தடி ஆழம்வரை என்ன இருக்கிறது என்று திரையில் காட்டி, பிடிமானம் இருந்தால் மட்டுமே போகச் சொல்கிறது.

சோதனை ஓட்டத்துக்காக ஜீப் கம்பெனி குத்தகைக்கு எடுத்திருப்பது, மூன்று வருடம் முன்பு மழையில் சரிந்த எஸ்டேட் மலை. வழிகாட்ட என்னோடு வந்தவர் அங்கே தேயிலை பறித்த சடையாண்டி. "ஆள் நல்லவர்தான். ஆனால் வண்டியை ஓட்டிப் பார்க்க வருகிற ஒவ்வொருவரையும் ஒவ்வொரு வழியில் கூட்டிக்கொண்டு போவார்" என்று கம்பெனி மேனேஜர் அலுத்துக்கொண்டார்.

சடையாண்டி செருப்பைக் கீழே கழற்றிவிட்டு ஏறினார். புது வண்டி அழுக்காகுமே என்று யோசிக்கிறார்போல என நினைத்துக்கொண்டேன்.

"போட்டிருக்கிற தடத்துல வேணாம் சார். மேல, அந்த ஒத்தப் பாறைகிட்ட போங்க. அங்க இன்னும் யாரும் ஓட்டல."

ஏறினோம். திரையில் கல் வந்தது, தேயிலை வேர் வந்தது, தகரக் கூரை வந்தது. பிறகு மனித எலும்பு.

"பிடிமானம் நன்று. போகலாம்" என்றது வண்டி.

என் கால் தானாக பிரேக்கை மிதித்தது.

"பதினோராம் நாளோட தேடுறத நிறுத்திட்டாங்க சார். மண்ணுக்குள்ள பாக்க மிஷின் இல்லேன்னாங்க" என்றார் சடையாண்டி.

அவர் திரையை நோக்கிக் குனிந்து, தொடை எலும்பின் நீளத்தை விரலால் அளந்தார்.

"இது பெரிய ஆளு. எம்பொண்ணுக்கு ஆறு வயசு. கொஞ்சம் வலது பக்கமா ஒடிங்க சார்."