நீலச் சால்வை

“வாங்க, உள்ள தள்ளி உக்காருங்க. இடம் நிறைய இருக்கு.”

ஜன்னலோர நாற்காலியில் இருந்தபடியே கண்டக்டர் அழைத்தார். வேலையிலிருந்து ஓய்வு பெற்றும் அவர் பேச்சு இன்னும் பேருந்தை விட்டு இறங்கவில்லை. நீலச் சால்வையோடு அறை வாசலில் நின்ற அவர் மனைவி சட்டென்று மூச்சை அடக்கிக்கொண்டாள்.

வயதாக ஆக அவருக்கு நடுப்பார்வை தேய்ந்துவிட்டது. எதிரில் நிற்பவரின் தோள் தெரியும், காது தெரியும். முகம் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் மூட்டம். கண் கைவிட்ட இடத்தில் மூளை தானாகப் படம் போட ஆரம்பித்தது. பிற்பகல் வெயில் தரையில் சாய்ந்ததும் யார் யாரோ சத்தமில்லாமல் அறைக்குள் மிதந்து வருவார்கள். பூப்போட்ட தொப்பிக்காரர்கள், கைகோத்த குழந்தைகள். ஒருவரின் சட்டைப் பொத்தானில் நூல் பிரிந்திருந்ததைக்கூடச் சொன்னார்.

“பைத்தியமெல்லாம் இல்லம்மா. இந்த நோய்ல சிலருக்கு இப்படி வரும். அதுங்க ஒண்ணும் பண்ணாது, வாயே திறக்காது” என்றார் டாக்டர். அதனால் அறைக்குள் யார் வந்தாலும் குரல் கொடுக்க வேண்டும் என்று வீட்டில் சட்டம் போட்டாள் மனைவி.

சட்டம் போட்டவளே இப்போது வாயைத் திறப்பதில்லை. போன வாரம் ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்த டாக்டர், “அழற்சி அளவு எகிறியிருக்கே, சிகரெட் உண்டா?” என்று கேட்டார்.

“அதை எப்பவோ விட்டுட்டாரே!” என்றாள் அவள். கண்டக்டர் கூரையைப் பார்த்தார்.

“புகை அழற்சியைக் கிளப்பி விட்டுடும். போதாததுக்குக் கண்ணுல நீர் வேற கோத்திருக்கு. கண்ணுக்குள்ள ஊசி போடலன்னா மிச்சப் பார்வையும் போயிடும்.”

ஊசியெல்லாம் முடியாது என்று கண்டக்டர் முறுக்கிக்கொண்டார். அன்றோடு அவள் பேச்சை நிறுத்தினாள். ஊசிக்குக் குறித்த நாள் இன்றுதான்.

“உங்ககிட்ட சொல்றதுக்கென்ன” என்று நீலச் சால்வையிடம் பேச்சுக் கொடுத்தார் அவர். “வீட்டுக்காரி கோவமா இருக்கா. நியாயமான கோவம்தான். ஒளிஞ்சு ஒளிஞ்சு ஊதி, என் தலையில நானே மண்ணை வாரிப் போட்டுக்கிட்டேன். நேத்து பெட்டியோட தூக்கி எறிஞ்சாச்சு.”

அவள் அசையவில்லை.

“ஊசிக்குப் பயமில்லைங்க. போட்டும் தேறலன்னா, அப்புறம் எதை நம்பி உக்காந்திருக்கறது? அவ பக்கத்துல நின்னு கையைப் பிடிச்சுக்கிட்டா போட்டுக்குவேன். ஆனா எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு அவளைக் கூப்பிடறது?”

அவளுக்கு ஒரு வாரக் கோபம் எங்கே போனதென்றே தெரியவில்லை. ஓசைப்படாமல் பின்வாங்கிச் சமையலறைக்குப் போனாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஆஸ்பத்திரிப் பையை எடுத்துக்கொண்டு, வேண்டுமென்றே செருப்பைத் தேய்த்தபடி திரும்பி வந்தாள்.

“கிளம்புங்க, ஊசிக்கு நேரமாச்சு. நானும் வர்றேன்.”

கண்டக்டர் மறுபேச்சில்லாமல் எழுந்து கையை நீட்டினார். அவள் இறுகப் பிடித்துக்கொண்டாள்.

“தனியா யார்கிட்ட பேசிட்டிருந்தீங்க?” ஒன்றும் அறியாதவள்போலக் கேட்டாள்.

“உன்கிட்டதான்” என்றார் அவர். “வந்து போற அத்தனை பேருக்கும் முகம் பளிச்சுன்னு தெரியுது. நீலச் சால்வைக்கு மட்டும் முகமே இல்ல. இந்த வீட்ல எனக்கு முகம் தெரியாத ஆளு நீ ஒருத்திதானே!”