துலாவின் முடிவு

"அவன் யாரையும் பாக்க மாட்டேங்குறான் தம்பி. முக்கியமா நீ வந்தா உள்ளேயே விடக் கூடாதுன்னு சொல்லியிருக்கான்."

கேட்டைப் பாதி திறந்து பிடித்தபடி நின்றாள் துலாவின் அக்கா நுவான். கிண்ணத் தொழிற்சாலையில் சேவல் படம் வரைந்துவிட்டு வந்த விரல்களில் சிவப்புச் சாயம் இன்னும் போகவில்லை.

"என் பேரைச் சொல்லியா சொன்னான்?"

"உன் பேரை மட்டும்தான் சொன்னான்."

சியாங் மாயிலிருந்து லம்பாங் வரை காவின், உட்கார இடமிருந்தும் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்திருந்தான். முன்தோலை அகற்றி இன்றோடு பன்னிரண்டு நாள். இறுக்கம், அடிக்கடி புண் என்று அவதிப்பட்டவனை டாக்டர்தான் அறுவைக்குச் சம்மதிக்க வைத்தார். கூடவே, சேர்ந்து குடித்தனம் நடத்துகிற துலாவையும் ரத்தப் பரிசோதனைக்கு அழைத்து வரச் சொன்னார்.

காவினின் முடிவு கையோடு வந்துவிட்டது. சுத்தம். ஊசியைக் கண்டாலே மயங்கும் துலா, அறுவை அன்றுதான் ஒருவழியாகக் கையை நீட்டினான். முடிவை ஒரு வாரம் கழித்து வாங்கிக்கொள்ளச் சொன்னார்கள்.

அந்த வாரம் முழுக்க துலா லாரி ஓட்டப் போகாமல், கட்டு மாற்றினான், கஞ்சி கொடுத்தான், பக்கத்திலேயே கிடந்தான். முடிவு வாங்கப் போனவன்தான் திரும்பி வரவில்லை. 'அக்கா வீட்டில் இருக்கிறேன். தேடி வராதே' என்று போனில் ஒரு வரி. அவ்வளவுதான்.

தன்னைச் சந்திப்பதற்கு முன்னால் துலாவுக்கு ஒரு வாழ்க்கை இருந்தது காவினுக்குத் தெரியும். அதைப் பற்றி அவன் கேட்டதில்லை.

"அவனுக்கு என்னன்னு உங்களுக்குத் தெரியுமாக்கா?"

"தெரியும்." தோளில் கிடந்த துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு அக்கா திரும்பிக்கொண்டாள். தோள்கள் குலுங்கின.

"அழாதீங்கக்கா. சாப்பிடுறானா?"

"அதெல்லாம் மூணு வேளையும் வெட்டுறான். விடியக்காலையிலதான் பாவம், முனகுறான்."

அதற்கு மேல் காவின் நிற்கவில்லை. அவளைத் தாண்டி உள்ளே போய், சாத்தியிருந்த அறைக் கதவில் நெற்றியை வைத்தான்.

"துலா."

கட்டில் கிறீச்சிட்டது. "போயிடு."

"போறதுக்கா இவ்வளவு தூரம் வந்தேன்? நீ தொறக்க வேணாம், கேளு. நர்ஸ்கிட்ட எல்லாம் விசாரிச்சுட்டேன். எச்.ஐ.வி.ன்னா இப்பல்லாம் தினம் ஒரு மாத்திரை. ஒழுங்கா முழுங்குனா ரத்தத்துல தேடுனாக்கூடக் கெடைக்காதாம், அடுத்தவனுக்கும் ஒட்டாதாம். எனக்கும் தடுப்பு மாத்திரை தருவாங்க. அறுத்தாச்சு, இனி ஒட்டாதுன்னு நானும் மெதப்புல திரிய முடியாது. ஆணுறை, மூணு மாசத்துக்கொரு தரம் பரிசோதனை, எல்லாம் எனக்கும்தான். ரெண்டு பேரும் சேர்ந்தே போவோம்."

காவின் கதவை உள்ளங்கையால் தட்டினான்.

"நீ வேணா ஓடிக்கிட்டே இரு. நான் ஓட மாட்டேன். பல்லு கொட்டுனப்புறமும் உன் மாத்திரையை நான்தான் எடுத்துக் குடுப்பேன்."

மூக்கை உறிஞ்சும் ஓசை கேட்டது.

"லூசு," என்றான் துலா. குரல் கரகரத்தது. "எனக்கு எச்.ஐ.வி.ன்னு யாருடா சொன்னது?"

"யாரும் சொல்லல. நீ வரலையே, அதான் நானா..."

"எல்லாம் சுத்தம்டா. ஒண்ணுமே இல்ல."

"அப்புறம் எதுக்குடா என்னைப் பாக்க மாட்டேங்குற?"

தாழ்ப்பாள் விலகியது. அக்காவின் பூப்போட்ட கைலியை முன்பக்கம் இரண்டு விரலால் உயர்த்திப் பிடித்துக்கொண்டு, கால்களை அகட்டி அகட்டி வாசற்படிக்கு வந்து நின்றான் துலா.

"முடிவு வாங்கப் போன எடத்துல உன்ன மாதிரியே நானும் அறுத்துக்கிட்டேன். ஆறு வாரம் ஆசை எதுவும் வரக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு, உன்னைப் பாத்தா தையல் தாங்காது. கொஞ்சம் தள்ளி நில்லுடா."