வலது பக்கத்து லீவர்

கேமரா ஓட ஆரம்பித்ததும், வணக்கம் சொல்லக்கூட எனக்கு நாக்கு எழவில்லை.

கேமரா என்பது மரியாதைக்குச் சொல்வது. சர்க்கரை டப்பாவில் சாய்த்து வைத்த என் போன்தான் அது.

சாப்பாட்டு மேசையை ஜன்னலோரம் நகர்த்திப் பழைய பேப்பர் விரித்திருந்தார் என் கணவர். பக்கத்தில் ஸ்டாண்டில் ஏற்றிய அவருடைய சைக்கிள். ரேஸ் சைக்கிள் என்றால் கோபம் வரும். ரோடு பைக் என்றுதான் சொல்ல வேண்டும்.

சைக்கிளை வீட்டிலேயே பழுது பார்ப்பது எப்படி என்று வீடியோ போடுகிறவர் அவர். அவற்றைப் பார்க்க ஒரு நல்ல கூட்டம் உண்டு. எட்டு மாதமாக ஒன்றும் போடவில்லை. கருவிப் பெட்டி கட்டிலுக்கு அடியில் போய்விட்டது.

போன வாரம் ஒரு நர்ஸ் மூன்றாவது முறையாக எழுதியிருந்தாள். "அண்ணா, கியர் லீவரை அழுத்தினா சும்மா உள்ள போய்ட்டு வருது. புதுசு மாத்தணும்னு கடையில சொல்றாங்க. டூட்டிக்கு இதுலதான் போறேன். எதாவது வழி சொல்லுங்க."

எங்கள் சைக்கிளும் நின்று நின்று அதே கதிக்குத்தான் வந்திருந்தது.

இன்று காலை அவரே குனிந்து பெட்டியை இழுத்து வெளியே எடுத்தார். மேசைமேல் வைத்தார். என்னைப் பார்த்தார்.

"நானா? எனக்கு செயின் எது, பெடல் எதுன்னே இப்பதான் தெரியும்" என்றேன்.

அவர் நகர்கிற மாதிரி இல்லை.

அவர் கைகள் வேலை செய்யும். என் வாய் பேசும். அதுதான் ஏற்பாடு.

"வணக்கம். இன்னிக்கு நாம இந்த ரேஸ் சைக்கிளோட..." என்று தொடங்கியதுமே ஒரு முறைப்பு. அழித்துவிட்டு முதலிலிருந்து.

வலது பக்கத்து லீவரின் ரப்பர் உறையை அவர் பின்னால் மடித்துவிட்டார், முழுக்கைச் சட்டையைச் சுருட்டுவது போல. கியர் கம்பியை உருவினார். உள்ளே டார்ச் அடித்துக் காட்டினார். நான் எட்டிப் பார்த்தேன்.

பல் வைத்த குட்டிச் சக்கரம். அதில் மாட்டி இழுக்க ஒரு கொக்கி. இரண்டும் பழைய கிரீஸில் ஒட்டிக் கிடந்தன. மெழுகு மாதிரி இறுகிப்போன கிரீஸ்.

பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பில் வேலை பார்க்கிற எனக்கு இது போதாதா? "பாருங்க, பல் நல்லாத்தான் இருக்கு. விளக்காமவிட்டதுதான் தப்பு" என்றேன்.

அவர் தோள் குலுங்கியது. எனக்குத் தைரியம் வந்துவிட்டது.

அழுக்கைக் கரைக்கும் ஸ்ப்ரேயை உள்ளே அடித்தார். பழுப்பாக ஒழுகியது. டூத் பிரஷ்ஷால் தேய்த்தார். லீவரை அழுத்தினார். ஒன்றும் இல்லை. மறுபடி ஸ்ப்ரே, மறுபடி அழுத்தல். இருபது தடவை, முப்பது தடவை, லீவர் சும்மா போய்ச் சும்மா வந்தது.

சொல்ல ஒன்றும் இல்லாமல் நான் வானிலை வரைக்கும் பேசிவிட்டேன்.

அவர் நெற்றியில் வேர்வை. நர்ஸுக்கு என்ன பதில் சொல்வது என்று நான் யோசிக்கத் தொடங்கிய நேரத்தில், டக்.

இன்னொரு டக். அப்புறம் வரிசையாக, ஒன்றுகூடத் தவறாமல்.

நான் கையே தட்டிவிட்டேன். வீடியோவில் அது கொஞ்சம் அதிகமாகத்தான் தெரியும்.

இரண்டு சொட்டு எண்ணெய் விட்டார். கம்பியை லீவருக்குள் செலுத்தி, பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் கொண்டுவந்து, அங்கிருந்த போல்ட்டுக்கு அடியில் சொருகினார். போல்ட்டை முடுக்குகிற ஆலன் கீயை அதில் பொருத்திவிட்டு என்னைப் பார்த்தார். இதுதான் கடைசி வேலை.

"இப்ப கம்பிய நல்லா இழுத்துப் பிடிச்சுக்கிட்டு, இந்த போல்ட்ட இடது பக்கமா திருப்பி இறுக்கணும்."

"வலது."

"சரி, வலது பக்கமா. அதான் சொல்லிட்டு இருக்கேன்ல? நடுவுல பேசாதீங்க."

இருபத்திரண்டு வருஷப் பழக்கம். என் வாய் தானாகச் சண்டைக்குப் போய்விட்டது.

போல்ட் அரைச்சுற்று இறுகியது. அப்புறம் ஆலன் கீ நின்றது.

நான் திரும்பிப் பார்த்தேன். கிரீஸ் அப்பிய கையால் அவர் தன் கழுத்தைத் தொட்டுக்கொண்டிருந்தார். காலருக்கு மேலே, ஆபரேஷன் தழும்பு இருக்கிற இடத்தில்.

தைராய்டு கட்டியை எடுத்த அன்றைக்குப் போன குரல். நரம்பு தானாக விழித்துக்கொண்டால் உண்டு, ஒரு வருஷம் வரை பொறுத்துப் பாருங்கள் என்றார் டாக்டர். எட்டு மாதமாக அந்தத் தொண்டையிலிருந்து வெறும் காற்றுதான் வந்துகொண்டிருந்தது.

அவர் உதடு அசைந்தது. சத்தம் இல்லை. கண்ணில் பயம்.

"திரும்பச் சொல்லுங்க" என்று நான் கேட்கவில்லை. கேட்டால் முயற்சி செய்வார். முயற்சி செய்து வராவிட்டால் பெட்டி மறுபடி கட்டிலுக்கு அடியில் போய்விடும்.

போன் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. நான் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அதையே பார்த்து நிமிர்ந்து நின்றேன்.

"ஒரு தடவ மறுபடி சொல்லிடறேன், நல்லா கவனிங்க" என்றேன். "இந்த போல்ட்ட இடது பக்கமாத்தான் திருப்பணும்."