நீலம் ஏறிய சட்டை

"இது என்ன கலர்?"

வாஷிங் மெஷினிலிருந்து உருவிய சட்டையைக் கணவன் தூக்கிப் பிடித்தான். காலைவரை வெள்ளை. இப்போது இளஞ்சிவப்பு. நாளைக்கு இன்டர்வியூவுக்குப் போட வைத்திருந்த சட்டை.

உள்ளே ஒரு சிவப்புத் துண்டு சுருண்டு கிடந்தது.

"நான்தான் கவனிக்காம போட்டுட்டேன்" என்றாள் அவள்.

"பட்டனை அமுக்கறதுக்குக்கூடக் கவனம் வேண்டாமா? எங்கம்மா கை பட்டிருந்தா இப்படி ஆகியிருக்குமா?"

அவளுக்குச் சுருக்கென்றது.

மாமனார் பேப்பரை மடித்து வைத்தார். அவரிடம் ஒரு கதை உண்டு. வருஷத்துக்கு நாலு தடவையாவது அரங்கேறும்.

"உங்கம்மா மட்டும் லேசுப்பட்டவளா? கல்யாணமான புதுசு. என் வெள்ளைச் சட்டையை நீலத்துல முக்கினா பாரு, மைக்கூடு கவுந்த மாதிரி! வேற சட்டை ஏது? அதோடதான் ஆபீஸ் போனேன். ஒரு வாரம் சிரிச்சானுங்க."

"பாட்டி இருந்தாங்களேப்பா?"

"எங்கம்மாவா! கல்லுல அடிச்சு, அலசி, நீலம் போட்டு உதறினாங்கன்னா கண்ணு கூசும். அந்தக் கை யாருக்கு வரும்?"

அப்பாவும் பிள்ளையும் சிரித்தார்கள். மாமியாரும் வழக்கம்போல் தலையைக் குனிந்து சிரித்துவைத்தாள்.

மொட்டை மாடியில் துணி காயப்போடும்போது மாமியார் மெல்லக் கேட்டாள்.

"துண்டைப் போட்டது நான்தானேம்மா? நீ ஏன் பழியை ஏத்துக்கிட்ட?"

"போன வாரம்தான், 'அம்மாவுக்குக் கண்ணு சரியில்ல, எந்த வேலையும் தரக்கூடாது'ன்னு குதிச்சார். இதுவும் தெரிஞ்சா உங்களை மூலையில உக்கார வெச்சிடுவார், அத்தை."

மாமியார் சட்டையை ஒருமுறை உதறினாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள்.

"என்ன அத்தை?"

"இனிமே உன் சட்டைக் கதையும் முப்பது வருஷம் ஓடும். காதைத் தயார் பண்ணிக்கோ."

"நீங்க எப்படித்தான் தாங்கறீங்களோ! ஒரு தடவை நீலம் கூடிப்போச்சு, அவ்வளவுதானே?"

மாமியார் கிளிப்பை மாட்டிவிட்டு, படிக்கட்டில் யாரும் வருகிறார்களா என்று பார்த்துக்கொண்டாள்.

"வாளித் தண்ணியில நிறமே ஏறலைன்னு மூடி மூடியா நீலத்தை ஊத்தினது எங்க மாமியார். அவங்களுக்கும் அப்பக் கண்ணு சரியில்ல."