தராசு சாய்ந்த நாற்காலி

"தராசு ஏன் மேடம் சாஞ்சிருக்கு?" என்று கேட்டார் இன்ஜினியர்.

கட்டி முடியப்போகும் புது நீதிமன்றத்துக்கு மேசை நாற்காலி வாங்கிப் போடும் பொறுப்பு அவருடையது.

நீதிபதி நாற்காலியின் பென்சில் படம் மேசைமேல் விரிந்து கிடந்தது. கம்பீரத்துக்குச் சிங்கப் பாதம் வைத்த கால்கள், அறிவுக்குக் கைப்பிடியில் ஆந்தை முகம், எல்லாம் அவர் சொன்னபடிதான். சாய்மானத்தின் உச்சியில் இருந்த தராசில் மட்டும் ஒரு தட்டு தாழ்ந்திருந்தது.

வரைந்தவள் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டாள்.

"தட்டுல ஒண்ணுமே இல்லாட்டி நேராத்தான் சார் நிக்கும். யாராவது வந்து எதையாவது வெச்சா சாயும்."

இன்ஜினியருக்குச் சுருக்கென்றது. பார்க்கிறவர்கள் தப்பாக எடுத்துக்கொள்வார்கள், கடைசியில் என் தலையைத்தான் உருட்டுவார்கள் என்றார். ரப்பரை அவரே எடுத்து அவள் பக்கம் நகர்த்தினார். முடியாதென்றால் வேறு ஆள் பார்த்துக்கொள்வதாகவும் சொல்லிவைத்தார்.

இத்தனை பெரிய வேலை அவள் பட்டறைக்கு அதுவரை வந்ததில்லை. கதவுக்கு வெளியே தச்சர்கள் இழைக்கிற மாதிரி பாவனை செய்தபடி காதைத் தீட்டிக்கொண்டிருந்தார்கள்.

அவள் ரப்பரைத் தொடவில்லை.

தாளின் ஓரத்தில் மிச்சமிருந்த இடத்தில் இன்னொரு நாற்காலியை வரைய ஆரம்பித்தாள். சிங்கம் இல்லை, ஆந்தை இல்லை. நேரான நாலு கால், அகலமான இருக்கை, ஊன்றி எழுந்திருக்க உறுதியான கைப்பிடி.

"இது யாருக்கு?"

"சாட்சி சொல்ல வர்றவங்களுக்கு. கூண்டுக்குள்ள போடணும். எடுத்துட்டுப் போனா ரெண்டையும் சேர்த்து எடுத்துட்டுப் போங்க. இல்லாட்டி ரெண்டுமே வேண்டாம்."

இன்ஜினியர் சிரித்துவிட்டார். "சாட்சிக்கு எதுக்கு மேடம் நாற்காலி? கால் கடுத்தாத்தான் வந்த வேலையைச் சட்டுனு முடிச்சிட்டுப் போவாங்க."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. பேனாவை எடுத்து, இரண்டு படத்துக்கும் கீழே அழுத்தமாகக் கையெழுத்துப் போட்டாள். எழுந்து போய்க் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டாள்.

அவர் கதவையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு ஏதோ முணுமுணுத்தபடி தாளைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கிளம்பினார்.

அவர் வண்டி தெருமுனை திரும்பும்வரை அவள் கதவை விடவில்லை.

தங்கையைக் கொன்றவனுக்கு எதிராகப் பழைய நீதிமன்றத்தில் கூண்டேறியபோது அவள் நிறைமாதக் கர்ப்பிணி. உட்கார்ந்து சொல்கிறேன் என்று கேட்டுப் பார்த்தாள். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. வக்கீல் கேள்விமேல் கேள்வியாக இழுத்துக்கொண்டே போக, பாதியில் கால் துவண்டு விழுந்தாள்.

சாட்சி பேசும் நிலையில் இல்லை என்று எழுதிக்கொண்டார்கள்.

மீதியை இன்றுவரை யாரும் கேட்கவில்லை.