தக்ஷிகா ஏறிய கப்பல்

கப்பல் மண்டபத்து வாசலை விட்டு அசையும் முன்னமே அதில் ஐந்து பேர் நின்றார்கள்.

நிற்கவேண்டியது ஒருத்திதான். தக்ஷிகா, வயது பதின்மூன்று. அவள் பெரியபிள்ளையானதைக் கொண்டாடும் சாமத்தியவீட்டுக்கு லண்டன் மிச்சம் பகுதியில் மண்டபம் எடுத்த தகப்பன் பாலசுப்பிரமணியன், பிள்ளையை வாசலிலிருந்து மேடைவரை கப்பலில் கொண்டுவருவது என்று ஒற்றைக் காலில் நின்றார். பல்லக்கையும் மயிலையும் மற்றவர்கள் செய்து முடித்துவிட்டார்களே.

அதுவும் டைட்டானிக். நல்ல காரியத்துக்கு மூழ்கின கப்பலோ என்று சனம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. ஆனால் கேட்டது பிள்ளை. பள்ளிக்கூடத்தில் அந்தக் கப்பலைப் பற்றி எழுதிப் பரிசு வாங்கியவள்.

கட்டியவர் ஞானேஸ்வரன் அண்ணை. டென்மார்க்கில் இருபது வருடம் தச்சுவேலை செய்துவிட்டு லண்டனுக்கு வந்தவர். பதினெட்டு அடி பிளைவுட், நாலு புகைபோக்கி, அடியில் உருண்டுபோகச் சில்லுகள். உள்ளே குனிந்து தள்ள நாலு பேர். கப்பலின் மூக்கு மட்டும் சில்லுகளைத் தாண்டி ஐந்தடி வெளியே நீட்டிக்கொண்டு நின்றது, ஆளுயரத்தில்.

பிள்ளை நிற்பது அந்த மூக்கில்.

நான் வீடியோக்காரன். மேடையடியில் தரையோடு தரையாகக் கமராவை வைத்திருந்தேன். கீழேயிருந்து எடுத்தால்தான் கப்பல் கப்பலாகத் தெரியும்.

முதலில் தாய்மாமன் ஏறினார். அது முறை. மாமன் ஏறினால் மாமியும் ஏறத்தானே வேண்டும்? அதைக் கண்டு தகப்பனின் தங்கை ஜெகதீஸ்வரிக்கு முகம் கறுத்தது. அவளைக் கீழே விட்டால் அடுத்த பத்து வருடத்துக்கு இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை இல்லை. அவளையும் ஏற்றினார்கள். பின்னாலேயே அவளுடைய புருஷன்.

எங்கள் ஆட்களுக்கு உயிரைவிட மரியாதை பெரிது. ஒருவரையும் இறங்கச் சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை.

நாதஸ்வரம் ஸ்பீக்கரில் அதிர்ந்தது. கப்பல் அசைந்தது.

மேடைக்கு நாற்பது அடி.

ஞானேஸ்வரன் அண்ணை கப்பலின் பக்கவாட்டில் கைவைத்தபடி கூடவே நடந்தார். என்னைப் பார்த்தார். நான் கமராவுக்குள் கண்ணை வைத்தேன்.

காலையில் தக்ஷிகா எனக்கு வகுப்பெடுத்திருந்தாள். உண்மைக் கப்பலுக்குள் பதினாறு அறையாம். முன்னால் நாலு அறை நிரம்பினாலும் மிதக்கும் என்று கட்டினார்களாம். பனிப்பாறை நாலுக்கும் கூடுதலான அறைகளைக் கிழித்துவிட்டது. நடுச்சுவர்கள் போதிய உயரம் இல்லை. மூக்குத் தாழத் தாழ, ஒரு அறைத் தண்ணீர் அடுத்த அறைக்குள் வழிந்தது. இரண்டாயிரம் பேருக்கு மேல் ஏறின கப்பலில் உயிர்காப்புப் படகு இருபதுதானாம். சொல்லும்போது அவளுக்குக் கண் கலங்கியது. நூறு வருடத்துக்கு முந்தின சனத்துக்காக அழுகிற பிள்ளை.

முப்பது அடி.

தகப்பன் முன்னால் பின்பக்கமாக நடந்துகொண்டு இரண்டு கையையும் வீசினார்.

"எல்லாரும் முன்னுக்கு வாங்கோ! வீடியோவில முகம் விழவேணும்!"

வந்தார்கள். மாமன், மாமி, ஜெகதீஸ்வரி, புருஷன், நாலு பேரும் அந்த ஐந்தடிக்குள். தக்ஷிகா மூக்கின் விளிம்புக் கம்பியோடு நெருக்குப்பட்டாள்.

மரம் முனகியது. நாதஸ்வரத்துக்குள்ளும் எனக்கு அது கேட்டது.

அண்ணைக்கும் கேட்டிருக்கவேண்டும். ஓடிப்போய் மூக்குக்குக் கீழே குனிந்து தோளைக் கொடுத்தார். அப்படியே நடந்தார், பாரத்தைச் சுமந்தபடி. சனம் அதையும் ஒரு அங்கம் என்று நினைத்துக் கைதட்டியது.

இருபது அடி.

கீழே குனிந்திருந்தவரின் முகம் என் கமராவுக்கு நேரே வந்தது. நெற்றி நரம்பு புடைத்திருந்தது. மறுபடியும் என்னைப் பார்த்தார்.

நிப்பாட்டுங்கோ என்று ஒரே ஒரு சொல். தொண்டைவரை வந்தது. கத்தினால் ஏன் என்று கேட்பார்கள். நான் கத்தவில்லை.

பத்து அடி.

ஜெகதீஸ்வரி பிள்ளையின் தோளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு எனக்குக் கைகாட்டினாள்.

மூக்கு முறிந்தது.

முதலில் விழுந்தவள் தக்ஷிகா. அவளுக்கு மேலே மற்றவர்கள். எல்லோருக்கும் கீழே அண்ணை.

யாரோ பாட்டை நிறுத்தினார்கள். தாய் ஓடிவந்து ஒவ்வொருவராக இழுத்தாள். பிள்ளையை வெளியே எடுத்தபோது அவளுடைய வலது கை முழங்கைக்குக் கீழே தவறான பக்கத்துக்கு மடிந்திருந்தது. அவள் அழவில்லை. உதடு வெளுத்துப்போய் ஞானேஸ்வரன் அண்ணையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தகப்பன் அவரைச் சட்டையில் பிடித்துத் தூக்கினார்.

"என்ன மனுசனடா நீ? பிள்ளை நிக்கிற இடத்துக்குக் கீழ ஒரு முட்டுக்கூடக் குடுக்காமலோ கட்டினனீ?"

அண்ணை மூன்றாவது தடவையாக என்னைப் பார்த்தார்.

முட்டுக் கொடுத்துத்தான் கட்டியிருந்தார். மூக்குக்குக் கீழே இரண்டு இரும்புக் கால், சில்லுப் பூட்டி. காலையில் கமராவை வைத்துப் பார்த்தபோது அந்த இரண்டும் படத்துக்குள் அசிங்கமாக விழுந்தன. கழற்றச் சொன்னேன். மாட்டேன் என்றார். ஒரு பிள்ளைதானே அண்ணை, நாற்பது அடிதானே என்று சொல்லி, அவர் தேத்தண்ணி குடிக்கப்போன நேரம் பார்த்து ஸ்பானரை எடுத்தவன் நான். வந்து கண்டவர் திரும்பப் பூட்டக் குனிந்தார். அதற்குள் சனம் வரத் தொடங்கி, பூட்ட நேரம் இல்லாமல் போய்விட்டது.

தகப்பன் என் பக்கம் திரும்பினார்.

"றமணன், நீ எல்லாம் எடுத்தனீதானே? இந்தாளின்ர வேலையைப் பொலிசுக்குக் காட்டவேணும்."

"ஓம் அண்ணை," என்றேன். "மாமா ஏறினதில இருந்து எல்லாம் இருக்குது."